திருவேங்கடம் சொல்லாமல் விட்டது

என் தங்கை புருஷன் திருவேங்கடத்தைப் பற்றி முதலில் நல்லதாக நாலு வார்த்தை சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் தங்கச்சிக்குப் பரிந்துகொண்டு வருகிறான் என்பீர்கள். அவர் ஊர்க்காரர்கள் ஏற்கெனவே அப்படித்தான் சொல்கிறார்கள். குடி கிடையாது, வம்புதும்பு கிடையாது, கை சுத்தம். அம்பத்தூர் எஸ்டேட்டில் இருபத்தாறு வருஷமாக மோட்டார் வைண்டிங் வேலை. எரிந்துபோன மோட்டாரைக் கொண்டுபோய் அவர் முன்னால் போட்டால், மூடியைக் கழற்றி விரலை உள்ளே விட்டு ஒரு தடவு தடவுவார். எந்தச் சுற்றில் கம்பி போயிருக்கிறது என்று மீட்டர் வைப்பதற்கு முன்பே சொல்லிவிடுவார். அந்த விரலை நம்பித்தான் நாலு கம்பெனிக்காரன் வேறு எங்கும் போகாமல் அவரிடமே வந்தான்.

இந்த நல்ல மனிதர் ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், என் தங்கை ஹேமாவதி தெருவில் தலை நிமிர்ந்து நடப்பாள். பத்து மாதமாக அந்த ஒரு வார்த்தைக்குத்தான் அவள் காத்திருந்தாள். நானும்தான்.

அவர்கள் ஊர் திருமழிசை எஸ்டேட்டுக்குப் பின்னால் இருக்கிறது. முன்பக்கம் கம்பெனிகள், பின்பக்கம் பிளாட் போட்டுக் கல் நட்ட வயல்கள், நடுவில் நாலு தெரு, ஒரு திரௌபதி அம்மன் கோயில். திருவேங்கடம் வீட்டில் நிலமெல்லாம் எப்போதோ விற்றாகிவிட்டது. விற்க முடியாமல் மிச்சம் இருப்பது ஓர் உரிமை. வைகாசியில் தீமிதி நடக்கும்போது நெருப்பில் முதல் கால் வைப்பது அவர்கள் வீட்டு ஆண்தான். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் இறங்க வேண்டும். எஸ்டேட்டில் யாரோ ஒருவனுக்கு ஐயா போட்டுக்கொண்டிருக்கும் மனிதர் அந்த ஒரு சாயங்காலம் மட்டும் மாலையும் மஞ்சள் வேட்டியுமாக நிற்பார், ஊர்ப் பெரியவர்கள் அவர் காலில் விழுவார்கள். அவருடைய பங்காளி அழகேசன் அந்த உரிமை தங்களுக்குத்தான் என்று மூன்று வருஷமாகக் கிளப்பிக்கொண்டிருந்தான். "இவனுக்கு வயசாயிடுச்சு, கால் தளர்ந்துபோச்சு" என்று கோயில் வாசலிலேயே பேசுவான். திருவேங்கடத்துக்கு அப்போது வயது நாற்பத்தொன்பது.

தீமிதிக்குப் பத்து நாள் முன்பு மஞ்சள் துணியில் காப்புக் கட்டுவார்கள். கட்டிவிட்டால் கறி கிடையாது, ஒரு வேளைச் சாப்பாடு, படுக்கை கோயில் மண்டபத்தில், ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை எல்லா ஆண்களும் சேர்ந்து ஒரு கறி விருந்து வைத்துக்கொள்வது வழக்கம். பத்து நாள் வாயைக் கட்டப் போகிறோமே என்று அன்றைக்கு வெளுத்துக் கட்டுவார்கள். போன வருஷம் நானும் பூந்தமல்லியிலிருந்து போயிருந்தேன். பம்பு செட் கொட்டகையில் அடுப்பு மூட்டினார்கள். பாதியில் விறகு நனைந்து புகைந்தது, கோழி சரியாக வேகவில்லை. பசியில் யார் பார்த்தார்கள். மறுநாள் ஐந்து பேருக்கு வயிற்றுப்போக்கு. "இன்னா மச்சான், அம்மன் இப்பவே உள்ளாற சுத்தம் பண்றாளா?" என்று போனில் நான் அவரைக் கிண்டல் செய்தேன். மூன்று நாளில் எல்லாருக்கும் சரியாகிவிட்டது, அவருக்கும். வெள்ளிக்கிழமை காப்புக் கட்டிக்கொண்டார்.

தீமிதிக்கு ஐந்து நாள் இருக்கும்போது, செவ்வாய்க்கிழமை, மத்தியான நேரத்தில் அவர் கோயிலிலிருந்து வீட்டுக்கு வந்தார். காப்புக் கட்டியவர் வீட்டுக்கு வரக் கூடாது என்றில்லை, ஆனால் யாரும் வருவதில்லை. அவருடைய அம்மா கன்னியம்மா, கோயிலில் கூழ் ஊற்றப் போயிருந்தாள். வீட்டில் ஹேமாவதி மட்டும். வந்தவர் கதவைச் சாத்தினார், ஒரு பக்கெட் வெந்நீர் கேட்டார், காலை விட்டுக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். இன்னா என்று இவள் கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல, சாமி ஊர்வலத்துல நடந்து நடந்து அசதி" என்றார். அவ்வளவுதான். கதவு சாத்தியதை எதிர்வீட்டில் பார்த்தார்கள். ஊரில் எந்தக் கதவு எப்போது சாத்துகிறது என்று பார்ப்பதற்கென்றே சில பேர் இருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நெருப்பில் இறங்கினார். நான் கூட்டத்தில் நின்று பார்த்தேன். பொதுவாக நாலு எட்டில் ஓடிக் கடந்துவிடுவார்கள். இவர் ஒவ்வொரு காலையும் தூக்கித் தூக்கி வைத்து, சேற்றில் நடக்கிற மாதிரி போனார். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. "அம்மா தாங்கிகினு போறாடா!" என்று யாரோ கத்த, கூட்டம் முழுக்க ஓவென்று கூவியது. எனக்கும் மயிர்க்கூச்செறிந்தது, பொய் சொல்ல மாட்டேன். கடைசியில் பால் ஊற்றிய குழியருகே தடுமாறினார், இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள்.

வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் இரண்டு உள்ளங்காலும் வெந்து போயிருந்தன.

இதில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். அந்த ஊரில் தீமிதியில் கால் வெந்தால் அது தீக்காயம் இல்லை, தீர்ப்பு. விரதம் கெட்டுவிட்டது என்று அர்த்தம். கறி தின்றிருக்க வேண்டும், இல்லாவிட்டால் பெண்டாட்டியைத் தொட்டிருக்க வேண்டும். இருபது வருஷமாக வேகாத கால் இந்த வருஷம் மட்டும் ஏன் வெந்தது? எதிர்வீட்டுக்காரி செவ்வாய்க்கிழமை மத்தியானத்தை எடுத்து வெளியில் விட்டாள். அழகேசன் வீட்டார் அதைத் தெருத்தெருவாகக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

கன்னியம்மா மருமகளைக் கூடத்தில் நிற்க வைத்துக் கேட்டாள்.

"இன்னாடி பண்ண எம்புள்ளைய? காப்பு கட்னவன இஸ்து வெச்சிகினு கதவ சாத்திகினியா?"

"அத்தே, அவுரு வெந்நீர் கேட்டாரு. குடுத்தேன். அவுரயே கேளு."

கேட்டாள். அவர் பாயில் படுத்தபடி சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் நான் போனேன். அண்ணன் என்று ஒருவன் இருக்கிறானே, அவன் என்ன கேட்டான் தெரியுமா? "ஹேமா, நெசமாவே ஒண்ணும் இல்லியா? எங்கைல மட்டும் சொல்லு" என்று கேட்டான். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

வெந்த காலை வெளியில் காட்டினால் வெட்கக்கேடு என்று டாக்டரிடம் போகவில்லை. வெண்ணெய், மஞ்சள், கோயில் வேப்பிலை. ஆறு நாள் கதவைச் சாத்தி வைத்துக்கொண்டார்கள். எழுந்து நிற்க முடியவில்லை அவருக்கு. கால் வெந்தவன் எப்படி நிற்பான் என்றார்கள். புதன்கிழமை தம்ளர் கையிலிருந்து நழுவியது. காய்ச்சல் அசதி என்றார்கள். வியாழக்கிழமை சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. தலைமுடி அளவு கம்பியைப் பிடித்துப் பிடித்துச் சுற்றிய கை அது. அதற்கும் ஏதோ ஒரு காரணம் சொன்னார்கள். எல்லாவற்றுக்கும் அந்தத் தீக்காயமே பதிலாக இருந்தது, அதனால் வேறு கேள்வியே யாருக்கும் வரவில்லை.

வந்தது ஹேமாவதிக்குத்தான். சனிக்கிழமை காலை எனக்குப் போன் செய்தாள்.

"அண்ணா, தண்ணி குடுத்தா மூக்கு வழியா வருது. பேச்சு கொணகொணன்னு கீது. கால் வெந்தா கொரல் இன்னாத்துக்கு மாறுது?"

பத்தாவது படித்தவள். ஊர் முழுக்க ஒரு வாரமாகக் கேட்காத கேள்வியை அவள் கேட்டாள். நான் காரைக் கொண்டுபோனேன். "ஆம்புலன்ஸெல்லாம் வேணா, ஊர் சிரிக்கும்" என்று கன்னியம்மா வாசலை மறித்தாள். பின்பக்க வழியாகத் தூக்கிப் போட்டுக்கொண்டு பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட்டினேன்.

அங்கே ஒரு லேடி டாக்டர். சின்ன வயது. கால் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, அதை விட்டுவிட்டு, ரப்பர் சுத்தியலால் முட்டியில் தட்டினார். கால் துள்ளவில்லை. கையில் தட்டினார். அதுவும் இல்லை. மூச்சை இழுத்து, ஒரே மூச்சில் எண்ணச் சொன்னார். ஒன்பதுக்கு மேல் போக முடியவில்லை. டாக்டர் முகம் மாறியது.

"கால்ல மதமதப்பு எப்ப ஆரம்பிச்சது?"

"நெருப்பு மிதிச்சப்புறம்தாம்மா" என்றாள் ஹேமாவதி.

"நீங்க இல்ல, அவர் சொல்லட்டும். ஐயா, இது முக்கியம். நாள் கணக்கு வெச்சுத்தான் வைத்தியம். காயத்துக்கு முன்னாடியா, பின்னாடியா?"

அவர் டாக்டரைப் பார்த்தார். சாவு பயம் கண்ணில் தெரிந்தது. என் தங்கை பக்கம் திரும்பவே இல்லை.

"மு... முன்னாடி. அஞ்சு நாளு. செவ்வாக்கெழம. கால் ரெண்டும் எறும்பு ஊர்ற மாதிரி... அப்பால துணி சுத்துன மாதிரி. நெருப்பு சூடு... தெர்ல."

ஹேமாவதி அவர் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். கட்டிலின் கம்பியைப் பிடித்திருந்த கையை எடுத்துவிட்டாள். எனக்குத்தான் அந்த நிமிஷம் அவர் கழுத்தைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. மூச்சு விட முடியாமல் கிடக்கிற மனிதரை என்ன செய்வது?

சமீபத்தில் வயிற்றுப்போக்கு இருந்ததா என்று டாக்டர் கேட்டார். வேகாத கோழிக் கதையை நான் சொன்னேன். முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள், கை கால் நரம்பில் கரண்ட் வைத்துச் சோதித்தார்கள். பிறகு என்னை வராந்தாவில் உட்கார வைத்து டாக்டர் சொன்னார். கில்லன் பாரி என்று நோய்க்குப் பெயர். வயிற்றில் வந்த கிருமியை அடிக்க உடம்பு ஆட்களைக் கிளப்பிவிட்டது. கிருமி போய்விட்டது. ஆனால் அந்தக் கிருமியின் ஜாடை கை கால் நரம்பின் மேல் பூச்சிலும் இருக்கிறது. கிளம்பிய ஆட்கள் திரும்பிப் போகாமல் நரம்பைக் கிருமி என்று நினைத்து அடிக்கிறார்கள். பூச்சு உரிந்துவிட்டால் மூளை சொல்வது காலுக்குப் போகாது, கால் படுவது மூளைக்கு வராது. காலில் ஆரம்பித்து மேலே ஏறும். மூச்சு விடும் தசை வரை ஏறிவிட்டால் மெஷின்தான்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. மச்சான் தினமும் சொல்வதுதானே. செம்புக் கம்பி மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சு இருக்கும், அது போனால் மோட்டாரே போயிற்று, வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது என்பார். ஊரில் இந்த நோயை ஒரு நிமிஷத்தில் புரிந்துகொள்ளக் கூடிய ஆள் ஒருவர் இருந்தார் என்றால் அது அவர்தான்.

"அஞ்சு பேருக்கு வயித்தால போச்சு டாக்டர். இவருக்கு மட்டும் ஏன்?"

"ஆயிரத்துல ஒருத்தருக்கு வரும். ஏன்னு சொல்ல முடியாது. அவர் தப்பு எதுவும் இல்ல, யார் தப்பும் இல்ல. ஆனா மதமதப்பு வந்த அன்னைக்கே வந்திருந்தா மெஷின் வரைக்கும் போகாம தடுத்திருக்கலாம். உறுதியா சொல்ல மாட்டேன். வாய்ப்பு நெறைய இருந்தது."

யார் தப்பும் இல்லை. அந்த வார்த்தையைக் கேட்கிற இடத்தில் என் தங்கை இல்லை. அவள் கீழே மருந்துச் சீட்டோடு வரிசையில் நின்றுகொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலமே குழாய் போட்டார்கள். இருபத்துமூன்று நாள் மெஷின் மூச்சு விட்டது. ரத்தத்தை வெளியில் எடுத்து, அதிலிருந்து கெட்டுப்போன நீரைப் பிரித்துவிட்டு, திரும்ப ஏற்றினார்கள், ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஐந்து தடவை. ஹேமாவதி வராந்தாவில் ஒரு பாயைப் போட்டுக்கொண்டாள். ஒருநாள் துணிந்து கேட்டேன்.

"செவ்வாக்கெழமயே தெரிஞ்சிகினு வாய மூடிகினு இருந்தாரே, ஏன்னு கேக்கவே மாட்டியா?"

"கேக்கறதுக்கு இன்னா கீது? காலு வரலன்னு சொன்னா மொத கால் அழகேசனுக்குப் போயிடும். அதான் கதவ சாத்திகினு வெந்நீர் கேட்டாரு. அது பரவால்லண்ணா. அத்தே என்னிய நிக்க வெச்சிக் கேட்டப்போ செவுத்துப் பக்கம் திரும்பிகினாரே."

அவள் அழவில்லை. "பொழச்சி வரட்டும். வந்து ஊர்ல ஒரு வார்த்த சொல்லட்டும். அது போதும்" என்றாள்.

பிழைத்து வந்தார். ஆவணி மாதம் வீட்டுக்குக் கூட்டிவந்தோம். வாக்கரைப் பிடித்துக்கொண்டு கக்கூஸ் வரை போவார். கால் காயமெல்லாம் ஆறிவிட்டது, பாதம்தான் தொங்கியது. கை மேலே தூக்கும், ஆனால் விரல் ஒன்றோடொன்று சேராது. பூச்சு திரும்ப வளரும், ஆனால் உள்ளே கம்பியே அடிபட்ட இடம் வளர வருஷக் கணக்காகும், சில இடம் வளராமலும் போகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எஸ்டேட்டில் அவர் மேஜையில் வேறு ஆள் உட்கார்ந்துவிட்டான். ஹேமாவதி பக்கத்து பேக்கிங் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். காலையில் அவரைக் குளிப்பாட்டி, ஊட்டிவிட்டுப் போவாள். மத்தியானம் ஓடிவந்து ஊட்டிவிட்டு மறுபடி ஓடுவாள். இவளைத் தண்ணீர்க் குழாயருகே பார்த்தால் பெண்கள் குடத்தைத் தள்ளி வைத்துக்கொள்வார்கள். அம்மன் தண்டித்த புருஷனின் பெண்டாட்டி என்று கல்யாணத்துக்குக் கூப்பிடுவதும் நின்றுபோயிற்று. அவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். போகிறவன் வருகிறவன் எல்லாம், "இன்னா குத்தமோ, அம்மாதான் காப்பாத்தணும்" என்பான். அவர் தலையை ஆட்டுவார். கை வராவிட்டாலும் தலை நன்றாக ஆடும்.

பங்குனிக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் அங்கே இருந்தேன், கன்னியம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். தர்மகர்த்தா அப்பாவு இரண்டு பேரோடு வந்தார். இந்த வருஷத் தீமிதிக்கு முதல் கால் யார் என்று பேச வேண்டும் அல்லவா?

"திருவேங்கடம், அழகேசன் குதிச்சிகினு கீறான். ஆனா உங்கூட்டு உரிம போவக் கூடாதுன்னு எங்களுக்கும் ஆச. உன் தம்பி மவன எறக்கலாம். அதுக்கு மின்னாடி ஒரு பரிகாரம். ஹேமாவதி ஈரத் துணியோட கோயில சுத்தி உருண்டு வந்து, சபையில மன்னிப்பு கேட்டுட்டா, விஷயம் முடிஞ்சிது."

ஹேமாவதி சமையலறையிலிருந்து வெளியே வந்தாள். கையில் ஆஸ்பத்திரி பைல். அதை எப்போது எடுத்து வைத்தாளோ தெரியாது.

"தீமிதிக்கு அஞ்சு நாள் மின்னாடியே அவுருக்குக் காலு மரத்துப்போச்சு. அவுரு வாயாலயே டாக்டர்கிட்ட சொன்னாரு. எழுதி வெச்சிகிறாங்க. படிச்சிப் பாருங்க."

யாரும் கையை நீட்டவில்லை. அப்பாவு பைலைப் பார்க்காமல் அவரைப் பார்த்தார். "இன்னா திருவேங்கடம், அப்டியா? காலு மரத்துப்போனது தெரிஞ்சேதான் எறங்கனியா?"

நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆமாம் என்று ஒரு வார்த்தை. ஆனால் ஆமாம் என்றால் உரிமைக்காக ஊரை ஏமாற்றினார் என்றாகும், உரிமை அழகேசனுக்குப் போகும். அன்றைக்குத் தாங்கிப் பிடித்துக்கொண்டு போனது அம்மன் இல்லை என்றும் ஆகும். அதைத்தான் அவரால் விட முடியவில்லை என்று நினைக்கிறேன். செத்த காலோடு நடந்தவராக இருப்பதைவிட, சாமி கும்பிட்ட கூட்டம் ஓவென்று கூவியதே, அந்த ஆளாகவே இருக்க ஆசைப்பட்டார். எனக்கு அது புரிகிறது. புரிகிறது என்பதற்காக மன்னிக்க முடியாது.

"செஞ்சிடு ஹேமா" என்றார். "சும்மா ஒரு தபா உருண்டு வரதுதான. இன்னா ஆயிடப் போவுது?"

அவள் பைலை மூடினாள்.

"நான் உருள மாட்டேன். உரிமைய யாருக்கு வேணா குடுத்துக்கங்க" என்று அப்பாவுவிடம் சொல்லிவிட்டு உள்ளே போனாள். வந்தவர்கள், "யோசிச்சி சொல்லு தினகரா, உன் தங்கச்சிக்கு எடுத்துச் சொல்லு" என்று என்னிடம் பொறுப்பை விட்டுவிட்டு எழுந்து போனார்கள்.

சாப்பாட்டு வேளை. ஹேமாவதி மூன்று தட்டு வைத்தாள். வழக்கமாக அவர் தட்டை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து பிசைந்து ஊட்டுவாள். அன்றைக்கு அவர் முன்னால் ஸ்டூலைப் போட்டு, தட்டை வைத்து, ஒரு ஸ்பூனையும் வைத்தாள். பிறகு எதிரில் போய் உட்கார்ந்து தன் தட்டில் குழம்பை ஊற்றிக்கொண்டாள்.

அவர் காத்திருந்தார். பிறகு இரண்டு கையாலும் ஸ்பூனை அணைத்துப் பிடித்துத் தூக்கினார். பாதி வழியில் சோறு வேட்டியில் கொட்டியது. மறுபடி தூக்கினார். கன்னத்தில் இடித்தது. நான் பார்க்க முடியாமல் எழுந்தேன்.

"உக்காருண்ணா" என்றாள் அவள், சோற்றைப் பிசைந்தபடி. "தானாத்தான் சாப்புட்டுப் பழவணும்னு டாக்டர் ஆவணியிலயே சொன்னாங்க. எனக்குத்தான் மனசு வரல."

அவர் அவளைப் பார்த்தார். அவள் பார்க்கவில்லை. நான் உட்கார்ந்துவிட்டேன்.